பாராட்டு வேண்டாம், நாட்களைத் தாருங்கள்

பட்டமளிப்பு விழாக்களை அடுத்து நமது பத்திரிகைகளில் தவறாமல் ஒரு படம் வரும. பட்டமளிப்பு அங்கியுடன் நடுத்தர வயதுடைய ஓர் ஆசிரியை அல்லது தாதி அல்லது எழுதுவினைஞர். அருகில் பாடசாலைச் சீருடையில் பிள்ளைகள். குடும்பச் சுமைக்கும் வேலைச் சுமைக்கும் மத்தியில் சாதனை புரிந்தார் என்று கீழே இரண்டு வரி இருக்கும். வலயக் கல்விப் பணிமனையில் பொன்னாடை போர்த்துவார்கள். அதிபர் காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பாராட்டுவார். அத்துடன் விடயம் முடிந்துவிடும்.

அந்த வரிகளை ஆசிரிய பீடத்தில் அமர்ந்து செம்மைப்படுத்திய அனுபவம் எனக்கு உண்டு. அவற்றில் ஒருபோதும் இடம்பெறாத கேள்வி ஒன்றும் உண்டு. மூன்று ஆண்டுகளில் முடியவேண்டிய ஒரு பட்டத்துக்கு இந்த மனிதருக்கு ஏன் ஆறு, ஏழு, சில வேளைகளில் எட்டு ஆண்டுகள் பிடித்தன? அவருடன் சேர்ந்து பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் இடைவழியில் நின்றுவிட்டார்கள்? அவர்கள் எல்லோரும் சோம்பேறிகளா?

இல்லை என்பதே எனது வாதம். வேலை செய்துகொண்டு படிப்பவரைத் தோற்கடிப்பது அவருடைய வயதோ, மூளையோ, முயற்சிக் குறைவோ அல்ல. அவருக்கு நேரம் மறுக்கப்படுகிறது. அதனை மறுப்பவர்கள் இருவர். ஒருவர் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர். மற்றவர் அவரிடம் கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகம். பாராட்டுக் கூட்டத்தில் இந்த இருவருமே முன்வரிசையில் அமர்ந்திருப்பதுதான் வேடிக்கை.

உணர்ச்சிவசப்பட்டு எழுதுவதாக யாரும் எண்ணவேண்டாம். முதலில் கணக்கைப் பார்ப்போம். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். ஓர் ஆண்டுக்கு 30 கிரெடிட். அதாவது 1,500 மணித்தியாலங்கள். மூன்றாண்டுப் பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், 4,500 மணித்தியாலங்கள். விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைத் தயாரிப்பு எல்லாம் இதற்குள் அடங்கும். 1,500ஐ 52 வாரங்களாகப் பிரித்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 29 மணித்தியாலங்கள் வரும்.

இனி மறுபக்கம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சாதாரண வேலை வாரத்தை 45 மணித்தியாலங்களாக வரையறுக்கிறது. 45உடன் 29ஐக் கூட்டினால் 74. வேலைக்குப் போய்வரும் பயணம் வாரத்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், 86. நாளொன்றுக்கு ஏழு மணித்தியாலம் தூங்கினால் வாரத்துக்கு 49, மொத்தம் 135. ஒரு வாரத்தில் இருப்பதோ 168 மணித்தியாலங்கள்தான். மிகுதி 33ஐயும் ஏழு நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலங்கூட இல்லை. சமையல், குளிப்பு, பிள்ளையின் வீட்டுப்பாடம், தாயின் கிளினிக், ஊரில் ஒரு செத்தவீடு, கோயில் திருவிழா எல்லாவற்றையும் அதற்குள் அடக்க வேண்டும். படிப்பவர் பெண்ணாக இருந்தால் இந்தக் கணக்கு எங்கே உடையும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

விடுமுறைக் கணக்கு இதைவிட மோசம். மேற்சொன்ன சட்டம் ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையையும் 7 நாள் அமைய விடுமுறையையும் தருகிறது, ஆக 21. வகுப்புகள் சனி, ஞாயிறுகளில் நடைபெறுகின்றன. சனிக்கிழமை அரைநாள் வேலை உள்ள நிறுவனத்தில் பணிபுரிபவர் முப்பது சனிக்கிழமை வகுப்புக்குப் போனால் பதினைந்து நாட்கள் போய்விடும். ஆண்டிறுதியில் எட்டு வினாத்தாள் என்றால் எட்டு நாட்கள். மொத்தம் 23. பரீட்சை முடியும் முன்னரே விடுமுறை முடிந்துவிடும். அந்த ஆண்டில் அவருக்குக் காய்ச்சல் வரக்கூடாது, பிள்ளைக்கும் வரக்கூடாது.

அரச சேவையின் நிலை கொஞ்சம் மேலானது என்பதை மறுக்கவில்லை. தாபன விதிக்கோவையின்படி பெரும்பாலான உத்தியோகத்தர்களுக்குக் கிடைக்கும் விடுமுறை நாட்கள் தனியார் துறையினருடையவற்றைவிட அதிகம். கற்கை விடுமுறைக்கான ஏற்பாடுகளும் இல்லாமல் இல்லை. ஆனால் எல்லாமே "சேவையின் தேவைக்கு உட்பட்டு" என்ற சொற்றொடருக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. அந்தச் சொற்றொடருக்குப் பொருள் கூறும் அதிகாரம் திணைக்களத் தலைவரிடம் இருக்கிறது. அவர் நல்ல மனிதராக இருந்தால் விடுமுறை கிடைக்கும்; அவருக்கும் உங்களுக்கும் ஏதேனும் மனத்தாங்கல் இருந்தால் சேவையின் தேவை திடீரென்று பெருகிவிடும். ஒருவரின் தயவில் தங்கியிருப்பதை உரிமை என்று சொல்லமுடியாது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு நாளேட்டில் ஒப்புநோக்குநர் ஒருவர் இருந்தார். மலையகத்துப் பிள்ளை. இரவுப் பணி. பக்கங்கள் வருவதற்கு இடைப்பட்ட நேரத்தில் குறிப்புக் கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு படிப்பார். வெளிவாரிப் பட்டத்துக்கான ஜீ.ஏ.கியூ. பரீட்சையில் முதல் தடவையிலேயே சித்தியடைந்தார். அதற்கடுத்த பரீட்சைக்கு நாள் குறித்தார்கள், ஒத்திவைத்தார்கள். மீண்டும் நாள் குறித்தார்கள், மீண்டும் ஒத்திவைத்தார்கள். இரண்டு தடவையும் முன்கூட்டியே கெஞ்சி வாங்கிய விடுமுறை வீணாயிற்று. மூன்றாவது தடவை போய் நின்றபோது நிருவாகத்தில் இருந்தவர், "உமக்கு வருடம் முழுக்கப் பரீட்சைதானே ஐசே" என்று சிரித்தார். விடுமுறை கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை அதன்பின் கொப்பியைக் கொண்டுவரவில்லை. சந்திப்பிழை ஒன்றை நூறு முழ தூரத்தில் கண்டுபிடிக்கக்கூடிய கண் அவருக்கு. பட்டதாரிகளான எங்களுடைய தமிழைத் திருத்தியவர் அவர்தான். ஆனால் பட்டம் இல்லாதபடியால் உதவி ஆசிரியர் பதவிக்கு அவருடைய விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

இந்தக் கதையில் குற்றவாளி நிருவாகி மட்டுந்தானா? பரீட்சையை இரண்டு தடவை ஒத்திவைத்தவர்களை யார் கேட்பது? பல்கலைக்கழகத்துக்கு ஒரு தவணை பிந்துவது ஓர் அறிவித்தல் மட்டுமே. வேலை செய்பவருக்கு அது ஓர் ஆண்டு. அவருடைய பதவியுயர்வு, சம்பளப் படிநிலை, இடமாற்றம், ஓய்வூதியக் கணக்கு எல்லாம் அந்த ஒரு தாளில் தங்கியிருக்கின்றன. முப்பத்தைந்து வயதில் பதிவு செய்தவர் நாற்பத்துமூன்றில் பட்டம் பெற்றால், போட்டிப் பரீட்சைகளுக்கான வயதெல்லையை அவர் எப்போதோ கடந்திருப்பார். பிந்திய பெறுபேறு என்பது பிறருடைய ஆயுளில் இருந்து எடுத்த கடன். அந்தக் கடனை எந்தப் பல்கலைக்கழகமும் திருப்பிக் கொடுத்ததாக நான் அறியேன்.

இப்போது பணத்துக்கு வருவோம். 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை என்று பெருமையுடன் சொல்கிறோம். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. நானும் உள்வாரி மாணவனாக ஒரு சதமும் கற்பித்தல் கட்டணம் செலுத்தாமல் கலைப்பட்டம் பெற்றவன். ஆனால் அந்த வாக்கியம் யாருக்குப் பொருந்துகிறது? க.பொ.த. உயர்தரத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கான தகுதியைப் பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரி இடம் கிடைக்கிறது. அந்த ஒருவருக்குக் கற்பித்தல் இலவசம், 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் உண்டு, விடுதி உண்டு, நூலகம் உண்டு. எஞ்சிய மூவர்? வசதியுள்ளவர் வெளிநாடு போகிறார் அல்லது தனியார் நிறுவனத்தை நாடுகிறார். வசதியில்லாதவர் வேலைக்குப் போகிறார். வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகளின் பின் படிக்க விரும்பும்போது, வெளிவாரிப் பதிவுக்குப் பணம், பரீட்சைக்குப் பணம், திறந்த பல்கலைக்கழகத்தில் பாடநெறிக்குப் பணம்.

இதன் பொருளைச் சற்று யோசித்துப் பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாக உயர்ந்த பெறுமதிசேர் வரியை அந்த உழைப்பாளி தான் வாங்கும் பொருட்களின் மீது செலுத்துகிறார். பத்தொன்பது வயது மாணவனின் இலவசக் கல்விக்கு அவருடைய பணமும் போகிறது. அவர் தானே படிக்க முற்படும்போது மட்டும், இலவசக் கல்வி உமக்கு உரியதல்ல, பற்றுச்சீட்டுடன் வாரும் என்கிறோம். பத்தொன்பது வயதில் எழுதிய ஒரு பரீட்சையின் இசற் புள்ளி ஒரு மனிதனின் கல்வி உரிமையை ஆயுள் முழுவதற்கும் தீர்மானிக்கிறதென்றால், கன்னங்கரா விரும்பியது அதுவாக இருக்க முடியாது.

வெளிவாரிப் பட்டம் என்றதும் முகம் சுளிக்கும் பேராசிரியர்களையும் அதிகாரிகளையும் நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். "அது எக்ஸ்ரேணல்தானே" என்று இழுத்துச் சொல்வார்கள். அவர்களுக்குச் சிறிது வரலாறு நினைவூட்ட வேண்டும். 1858இல் இலண்டன் பல்கலைக்கழகம், குறித்த கல்லூரிகளில் சமுகமளிக்காதவர்களுக்கும் தனது பட்டப் பரீட்சைகளைத் திறந்துவிட்டது. 1921இல் கொழும்பில் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தன் பெயரில் பட்டம் வழங்கவில்லை. தன் மாணவரை அந்த இலண்டன் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே தயார்செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறக்கும்வரை அதுதான் நிலை. அதாவது, இந்நாட்டின் உயர்கல்வியே வெளிவாரிப் பட்டத்தின் மடியில் வளர்ந்த பிள்ளை.

தமிழர்களுக்கு இன்னும் அண்மையான உதாரணம் இருக்கிறது. காரைதீவில் பிறந்த மயில்வாகனனார், பின்னாளில் சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞான ஆசிரியராகப் பணிபுரிந்துகொண்டே இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையில் தேறியவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் அப்படியே தேறியவர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவரும் அவர்தான். இன்றைய ஆட்சேர்ப்பு விளம்பரங்களில் சிலவேளை எட்டிப்பார்க்கும் உள்வாரிப் பட்டதாரிகளுக்கு மட்டும் என்ற நிபந்தனை அன்று இருந்திருந்தால், விபுலாநந்தரின் விண்ணப்பம் உறை பிரிக்கப்படாமலே திரும்பியிருக்கும்.

தரத்தைப் பற்றிய முறைப்பாட்டில் உண்மை இல்லையென்று நான் சாதிக்கப் போவதில்லை. வெளிவாரி மாணவர் பலர் தனியார் கல்வி நிலையங்களின் குறிப்புகளைப் பிரதி எடுத்து மனனம் செய்து எழுதுகிறார்கள் என்பது தெரிந்த விடயம். ஆனால் ஏன்? நீண்ட காலமாகப் பல்கலைக்கழகங்கள் இவர்களைப் பதிவு செய்தன, பரீட்சை வைத்தன, கற்பிக்கவில்லை. கற்பிக்காத நிறுவனம், தன் மாணவன் கற்கவில்லை என்று குறைகூறுகிறது. 2010இல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளிவாரிப் பட்டநெறிகளுக்கென வழிகாட்டல்களை வெளியிட்டது. அதன் பின் தொலைக்கல்வி நிலையங்கள் ஒழுங்குபெற்றன. இணையவழி வகுப்புகளும் வந்துள்ளன. நல்லது. ஆயினும் முல்லைத்தீவில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் பஸ்ஸில் வந்து, ஞாயிறு பிற்பகல் நூலகம் பூட்டியிருப்பதைக் கண்டு திரும்பும் ஓர் ஆசிரியைக்கு வழிகாட்டல் ஆவணத்தால் என்ன பயன்?

முடியாது என்பதை முயன்று பார்த்துவிட்டுச் சொல்லவேண்டும். 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வேலைசெய்பவரை மனத்திற் கொண்டே தன் பாடநெறிகளை வகுத்தது. அச்சிட்ட பாடநூல்கள், பிராந்திய நிலையங்கள், விடுமுறைநாள் வகுப்புகள் என்று ஓர் ஒழுங்கு அங்கே இருக்கிறது. தமிழ் மொழிமூலம் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை அங்கே முடித்திருக்கிறார்கள். பணியிலுள்ள தாதியருக்குப் பட்டம் பெறும் வழியை 1990களிலேயே திறந்தது அந்தப் பல்கலைக்கழகந்தான். ஆகவே, உழைப்பவருக்குத் தரமான பட்டக் கல்வியைக் கொடுக்க முடியாது என்பது பொய். ஒரு பல்கலைக்கழகத்தின் தோளில் அந்தப் பாரத்தை ஏற்றிவிட்டு மற்றவர்கள் கைகட்டி நிற்பதே உண்மை.

விடுமுறை கொடுத்தால் நிருவாகம் ஸ்தம்பித்துவிடும் என்பார்கள். 2022ஆம் ஆண்டை மறந்துவிட்டார்களா? நாட்டில் டொலர் இல்லை என்றதும், அரச உத்தியோகத்தர் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் போகலாம், சேவை மூப்புக்கோ ஓய்வூதியத்துக்கோ பங்கம் வராது என்று சுற்றுநிருபம் வந்தது. அதே ஆண்டு யூன் மாதத்தில், வீட்டுத்தோட்டம் செய்து உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கட்டும் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்க அமைச்சரவை இணங்கியது. கத்தரியும் மிளகாயும் நடுவதற்கு வாரத்தில் ஒரு நாள் கொடுக்க முடிந்த அரசுக்கு, பட்டப் பரீட்சை எழுதுவதற்கு வருடத்தில் பத்து நாள் கொடுக்க முடியாதா? தோட்டம் செய்ததை நான் குறைசொல்லவில்லை. மனம் இருந்தால் சுற்றுநிருபம் இரண்டு வாரத்தில் வரும் என்பதையே சொல்கிறேன்.

2020இல் நடந்ததையும் பதிவு செய்ய வேண்டும். வேலையற்ற பட்டதாரிகளுக்கு அரச நியமனம் வழங்கப்பட்டபோது, ஊழியர் சேமலாப நிதியில் பெயர் இருந்தது என்ற காரணத்தைக் காட்டிப் பலருடைய விண்ணப்பங்கள் முதலில் நிராகரிக்கப்பட்டன. எதிர்ப்பும் மேன்முறையீடும் எழுந்தன. வீட்டில் சும்மா இருந்தவர் பட்டியலில் இருந்தார். கடையிலோ கம்பனியிலோ உழைத்தவர் பெயர் வெட்டப்பட்டது. உழைத்துக்கொண்டு படிப்பதை இந்நாடு எப்படி மதிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முதலாளிமார் சொல்லும் நியாயம் ஒன்றுண்டு. படிக்க விட்டால் படித்து முடித்துவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்பது அது. போவார்கள், சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் படிக்க விடாவிட்டால் நின்றுவிடுவார்களா? கடந்த சில ஆண்டுகளில் கட்டுநாயக்கவில் விமானம் ஏறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வளர வழியில்லாத இடத்திலிருந்துதான் முதலில் ஆட்கள் போகிறார்கள். விடுமுறையும் உதவியும் கொடுத்தால் அதற்கு ஈடாகச் சில ஆண்டுகள் சேவைப் பிணை கேட்பது நியாயமே. அரச சேவையில் அது பழக்கத்தில் உள்ள முறைதான். கொடுக்காமலே பிணைத்துவைக்க நினைப்பதுதான் அநியாயம்.

ஆசிரியர்கள் படிக்கப் போனால் பிள்ளைகளின் வகுப்பு வெறுமையாகும் என்ற வாதம் இவற்றுள் கனதியானது. அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. பின்தங்கிய பாடசாலையில் கணித ஆசிரியர் ஒருவர்தான் இருப்பார். அவர் இரண்டு வாரம் இல்லையென்றால் இழப்பு பிள்ளைகளுக்குத்தான். ஆனால் இதற்குத் தீர்வு அவரைப் படிக்கவிடாமல் தடுப்பதன்று. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்று பாடசாலைகளுக்கு மூன்று தவணை விடுமுறைகள் இருக்கின்றன. ஆசிரியர்களுக்கான செறிவு வகுப்புகளையும் பரீட்சைகளையும் அந்த நாட்களில் வைப்பதற்குப் பல்கலைக்கழகமும் கல்வி அமைச்சும் ஒரு மேசையில் அமர்ந்து ஒரு நாட்காட்டியைத் தயாரித்தால் போதும். வகுப்பறையும் வெறுமையாகாது, ஆசிரியரும் கெஞ்சத் தேவையில்லை. ஒரு சதம் செலவில்லாத இந்தக் காரியமே இன்னும் ஒழுங்காக நடைபெறவில்லை.

வடக்கு, கிழக்கைப் பொறுத்தவரை இது வெறும் தொழிலாளர் உரிமைப் பிரச்சினையும் அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பிள்ளைகள் எத்தனை பேர் புத்தகத்தை விட்டுவிட்டுப் போனார்கள்? 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் ஒரே இரவில் செம்மணி வீதியில் நகர்ந்தபோது உயர்தர வகுப்பில் இருந்தவர்கள் எத்தனை பேர்? 2009இல் வன்னியில் பரீட்சை எழுத வேண்டியவர்கள் எங்கே இருந்தார்கள்? அவர்களுக்கு இன்று முப்பத்தைந்தும் ஐம்பதும் அதற்கு மேலும் வயதாகிவிட்டது. இசற் புள்ளியில் அவர்கள் தோற்கவில்லை. பரீட்சை மண்டபத்துக்குப் போய்ச்சேரவே அவர்களால் முடியவில்லை. சம்பளமின்றி அல்லது பெயருக்கு ஒரு கொடுப்பனவுடன் தொண்டர் ஆசிரியர்களாக நின்று வன்னிப் பாடசாலைகளைத் திறந்துவைத்திருந்தவர்கள் அவர்களிற் பலர். அவர்களில் ஒருவர் இன்று பட்டம் பெற முயன்றால் அதற்குப் பெயர் சாதனை அல்ல. தாமதமாகக் கிடைக்கும் நியாயம். அந்த நியாயத்துக்கும் அவர் சொந்த விடுமுறையையும் சொந்தப் பணத்தையும் கொடுக்கவேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே கேட்பது இதுதான்.

முதலாவது, சம்பளத்துடன் கூடிய கல்வி விடுமுறை சட்டத்தில் எழுதப்பட வேண்டும். 1974இலேயே சர்வதேச தொழில் அமைப்பு இதற்கென 140ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. ஏராளமான தொழிற் சமவாயங்களை ஏற்றுறுதி செய்த இலங்கையின் பட்டியலில் அது இடம்பெறவில்லை. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. வருடத்துக்குப் பத்து நாள், பரீட்சைக்கும் கட்டாய வகுப்புக்கும் உரியது, மேலதிகாரியின் மனநிலைக்கு அப்பாற்பட்டது என்று 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தாபன விதிக்கோவையிலும் ஒரு பிரிவைச் சேர்ப்பதற்கு அறிவு தேவையில்லை, மனம் போதும்.

இரண்டாவது, பரீட்சைத் திகதியும் பெறுபேற்றுத் திகதியும் பதிவு செய்யும் நாளிலேயே எழுத்தில் தரப்பட வேண்டும். பெறுபேறு மூன்று மாதத்தில் வெளிவராவிட்டால் அந்த ஆண்டுக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் திருப்பிக் கொடுக்க வேண்டும். மின்கட்டணத்தைப் பிந்திக் கட்டினால் நமக்கு இணைப்பைத் துண்டிக்கிறார்களே, மற்றவரின் ஆண்டைப் பிந்திக் கொடுப்பவருக்கு மட்டும் தண்டம் இல்லையா?

மூன்றாவது, முதற் பட்டம் யாருக்கும் எந்த வயதிலும் இலவசமாக வேண்டும். பத்தொன்பதில் கிடைக்காத உரிமை முப்பத்தொன்பதில் கிடைக்கட்டும்.

நான்காவது, அனுபவத்துக்கு மதிப்பெண் வேண்டும். தொழிற்பயிற்சித் துறையில் வேலைத்தளத்தில் கற்றதை மதிப்பிட்டு என்.வீ.கியூ. சான்றிதழ் வழங்கும் முறை இங்கேயே நடைமுறையில் இருக்கிறது. மேசன் வேலை தெரிந்தவருக்குச் செய்யக்கூடியதைப் பதினைந்து வருடம் வகுப்பெடுத்த ஆசிரியருக்கும், வார்ட்டில் இரவுபகலாக நின்ற தாதிக்கும் செய்ய முடியாதா? தான் நாள்தோறும் செய்யும் வேலைக்கு அறிமுகப் பாடம் என்று அவரை மீண்டும் முதல் வரிசையில் உட்காரவைப்பது கற்பித்தலாகாது.

ஐந்தாவது, அரச விளம்பரங்களிலிருந்து உள்வாரி, வெளிவாரி என்ற பாகுபாடு அகல வேண்டும். ஒரே பல்கலைக்கழகத்தின் முத்திரையும் துணைவேந்தரின் கையொப்பமும் இரண்டிலும் இருக்கின்றன. தரத்தில் ஐயமிருந்தால் பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்தை வழங்கியிருக்கக் கூடாது. வழங்கிய பிறகு, வாங்கியவரை ஏளனம் செய்யும் உரிமை அதற்கில்லை.

இவற்றுள் எதுவுமே புரட்சியல்ல. வெளிநாட்டுக் கடனும் தேவையில்லை. ஒரு சட்டத் திருத்தம், ஒரு சுற்றுநிருபம், ஒரு நாட்காட்டி, கொஞ்சம் பணம். தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்காக வீதியில் இறங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன், செய்தியாகவும் எழுதியிருக்கிறேன். கற்கை விடுமுறைக்காக ஒரு சங்கம் ஒரு மணித்தியாலம் வேலைநிறுத்தம் செய்ததை நான் ஒருபோதும் கண்டதில்லை. படிக்கும் உறுப்பினர்களை ஒவ்வொரு சங்கமும் முதலில் எண்ணிப் பார்க்கட்டும். ஒரு பாடசாலையில், ஒரு வைத்தியசாலையில், ஒரு பிரதேச செயலகத்தில் எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை பேர் இடைநடுவில் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று எழுதி எடுக்கட்டும். அந்தப் பட்டியலுடன் அமைச்சுக்குப் போகட்டும்.

வாசகர்களில் யாரேனும் அலுவலகத் தலைவராக இருந்தால் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த வாரம் ஒருவர் பரீட்சை அனுமதி அட்டையுடன் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். அவருக்கு அறிவுரையும் வேண்டாம், வாழ்த்தும் வேண்டாம். விடுமுறைப் படிவத்தில் ஒப்பமிட்டுக் கொடுங்கள்.